குதிரையில் வந்த ஜேன் அம்மாள்

1809-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலம். கடுங்குளிர்.

காட்டுப் பாதையில் ஒரு குதிரை மெல்ல நடந்து வந்தது. அதன்மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். வயது 46 ஆகப் போகிறது. அவருடைய வயிறு நிறைமாதக் கர்ப்பிணியின் வயிற்றைவிடப் பெரியதாக இருந்தது. சேணத்தின் முன்பக்கத்தில் கொம்பு போல ஒரு பிடி இருக்கும். அதன்மேல் வயிற்றைத் தாங்கலாக வைத்துக் கொண்டால்தான் அவரால் உட்கார முடிந்தது. குதிரை அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் வயிறு அந்தப் பிடியில் இடித்தது. இடித்த இடம் கன்றிப் போயிற்று.

அவர் போக வேண்டிய தூரம் 60 மைல். அதாவது ஏறக்குறைய 97 கிலோமீட்டர்.

அங்கே அவருக்காகக் காத்திருந்தது பிரசவ அறை அல்ல. ஒரு மேஜை. ஒரு கத்தி. நோயாளியை மயங்க வைத்து அறுக்கும் முறையை அமெரிக்கா அறியாத காலம் அது. உயிர் பிழைப்போம் என்று யாரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. போகாவிட்டால் சாவு நிச்சயம் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அந்தப் பெண்மணிதான் ஜேன் டாட் கிராஃபோர்டு. அறுவை சிகிச்சையின் சரித்திரத்தை எழுதும் யாரும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

பண்ணை வீட்டுப் பெண்

ஜேன் அம்மாள் 1763-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். 1794-ல் தாமஸ் கிராஃபோர்டு என்பவரை மணந்தார். அப்போது அவருக்கு வயது 30. அந்தக் காலத்துக்கு அது தாமதமான திருமணம்தான்.

1805-ல் குடும்பம் கெண்டக்கிக்குக் குடி பெயர்ந்தது. கிரீன் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் தங்கினார்கள். சுற்றிலும் காடு. அங்கே வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. சமையல், பால் கறப்பது, நூல் நூற்பது, துணி தைப்பது, குழந்தைகளை வளர்ப்பது எல்லாம் அவள் தலையில்தான்.

1809-ல் ஜேன் அம்மாளின் வயிறு பெருக்கத் தொடங்கியது.

நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வயிறு பெருத்தால் அந்த நாளில் யார் என்ன நினைப்பார்கள்? கடைசிக் குழந்தை ஒன்று பிறக்கப் போகிறது என்றுதான். ஜேன் அம்மாளும் அப்படியே நினைத்தார். ஏற்கனவே பிள்ளை பெற்றவர். அவருக்கு அது புதிதல்ல.

மாதங்கள் சென்றன. வயிறு பெருத்துக் கொண்டே போயிற்று. இரட்டைக் குழந்தையாக இருக்கும் என்று பேச்சு எழுந்தது. நாள் கணக்கு முடிந்தது. குழந்தை பிறக்கவில்லை. ஆனால் வலி வந்தது. பிரசவ வலி போலவே இடுப்பைப் பிடித்து இழுக்கும் வலி.

உள்ளூர் வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களும் கர்ப்பம் என்றே சொன்னார்கள். நாள் கடந்த கர்ப்பம், பிரசவம் சிக்கலாக இருக்கிறது, அனுபவம் மிக்க ஒருவர் வந்தால்தான் ஆகும் என்று முடிவு கட்டி, டான்வில் ஊரில் இருந்த டாக்டர் எப்ராயிம் மக்டவலுக்கு ஆள் அனுப்பினார்கள்.

வைத்தியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வயிற்றுக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டும் கருவி எதுவும் அன்று இல்லை. கையால் தடவிப் பார்ப்பதும், நோயாளி சொல்வதைக் கேட்பதும்தான் அவர்களுக்குத் தெரிந்த சோதனை. போதாததற்கு, அந்த வயது அப்படிப்பட்டது. மாத விலக்கு ஒழுங்கு தப்பும். சில மாதங்கள் வராமலே இருக்கும். அது கர்ப்பமா, முதுமையின் தொடக்கமா, நோயா என்று பெண்ணுக்கே குழப்பமாக இருக்கும். வயிறு உப்புவதையும் அடிவயிறு கனப்பதையும் வயசுக் கோளாறு என்று தள்ளிவிட்டு, மாதக் கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பெண்கள் இன்றும் எத்தனையோ பேர்.

டாக்டர் வந்தார்

மக்டவலுக்கு அப்போது வயது 38. அவரும் வர்ஜீனியாவில் பிறந்தவர்தான். சிறு வயதிலேயே பெற்றோருடன் கெண்டக்கிக்கு வந்துவிட்டார். ஒரு வைத்தியரிடம் தொழில் பழகிய பிறகு, கப்பலேறி ஸ்காட்லாந்து போய் எடின்பரோ நகரத்தில் படித்தார். அங்கே ஜான் பெல் என்ற பெயர் பெற்ற ஆசிரியரிடம் ரண சிகிச்சை பயின்றார். பட்டம் வாங்காமலே 1795-ல் ஊர் திரும்பினார். ஆனாலும் அந்தக் காட்டுப் பிரதேசத்தில் அவரைவிடக் கைதேர்ந்த டாக்டர் இல்லை என்று பெயர் எடுத்துவிட்டார்.

டிசம்பர் 13-ந் தேதி அவர் ஜேன் அம்மாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பிரசவம் பார்க்கத்தான் வந்தார்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பார்வைக்குக் கர்ப்பம் போலத்தான் இருந்தது. ஆனால் பெருக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையால் தள்ளினால் மறுபக்கம் எளிதாக நகர்ந்தது. குழந்தை உள்ள கருப்பை அப்படி நகராது. சந்தேகம் வந்தது. உள் பரிசோதனை செய்தார். கருப்பைக்குள் ஒன்றுமே இல்லை!

குழந்தை அல்ல, கட்டி. கருப்பைக்கு இருபுறமும், பாதாம் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக, இரண்டு சினைப்பைகள் உண்டு. மாதந்தோறும் சினை முட்டை முதிர்வது அங்கேதான். அதில் ஒன்றில் கட்டி முளைத்து, வயிறு முழுவதையும் அடைத்துக் கொண்டிருந்தது.

இனி அதை அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. சிலர் வயிற்றில் துளை போட்டு நீரை வடிப்பார்கள். மறுபடியும் நிறையும். நோயாளி இளைத்து இளைத்துச் சாவாள். வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுத்துவிட்டால் என்ன என்ற யோசனை சில டாக்டர்களுக்கு இருந்தது. ஆனால் அது புத்தக அளவிலேயே நின்றது. வயிற்றின் உள்ளே காற்றுப் பட்டால் அழற்சி உண்டாகி நோயாளி செத்துவிடுவாள் என்பது பெரிய பெரிய ரண வைத்தியர்களின் தீர்ப்பு.

மக்டவல் எதையும் மறைக்கவில்லை. பிள்ளை இல்லை, கட்டி என்று சொன்னார். ஆபத்தான நிலைமை என்றும் சொன்னார். இந்தக் கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்ததை நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை என்றார். அப்படிச் செய்தால் மரணம்தான் என்று மற்றவர்கள் சொல்வதையும் ஒளிக்கவில்லை. இது ஒரு சோதனைதான், துணிவிருந்தால் டான்விலுக்கு வாருங்கள், செய்து பார்க்கிறேன் என்று முடித்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நோயாளியிடம், அதுவும் ஒரு பெண்ணிடம், உண்மையை முழுவதும் சொல்லி, முடிவை அவளிடமே விடும் வழக்கம் அன்று அரிது. டாக்டர் சொல்வதை வீட்டு ஆண்கள் கேட்பார்கள். அவர்கள் முடிவு செய்வார்கள். மக்டவல் கேட்டது ஜேன் அம்மாளை.

ஜேன் அம்மாள் சம்மதித்தார்.

அந்தச் சம்மதத்தின் கனம் சாதாரணமானதல்ல. காலையில் பிள்ளைப்பேறுக்குக் காத்திருந்தவர், மாலைக்குள் தன் உயிரைப் பணயம் வைக்க ஒப்புக் கொண்டார். வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். திரும்பி வருவோமா என்று தெரியாமலே அவர்களிடம் விடை பெற்றார். குதிரை மேல் ஏறினார். பயணம் சில நாட்கள் நடந்தது.

கிறிஸ்துமஸ் காலை

டான்வில் சிறிய ஊர். அங்கே மக்டவலின் வீட்டிலேயே ஆபரேஷன் என்று ஏற்பாடாயிற்று. டிசம்பர் 23-ந் தேதி ஜேன் அம்மாளுக்கு 46 வயது நிறைந்தது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, அவரை மேஜைமேல் படுக்க வைத்தார்கள்.

மக்டவலின் சகோதரர் மகன் ஜேம்ஸ் மக்டவலும் டாக்டர். அவர் உதவிக்கு நின்றார்.

பேனாவால் கோடு போட்டது போல, வயிற்றின் இடது பக்கத்தில் 9 அங்குல நீளத்துக்குக் கத்தி இறங்கியது. குதிரைச் சேணத்தில் இடித்துக் கன்றிய தோலையும் தசையையும் டாக்டர் அப்போது கண்டார். வயிறு திறந்ததுதான் தாமதம், குடல்கள் சரிந்து மேஜைமேல் வந்து விழுந்தன. கட்டி அவ்வளவு இடத்தை அடைத்திருந்ததால், அவற்றைத் திரும்ப உள்ளே வைக்கக்கூட இடமில்லை. ஆபரேஷன் முடியும்வரை அவை வெளியேதான் இருந்தன.

இவ்வளவும் நடக்கும்போது ஜேன் அம்மாள் விழித்திருந்தார்! பைபிளில் உள்ள சங்கீதங்களை வாய்விட்டுச் சொல்லிக் கொண்டே வலியைத் தாங்கினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

கட்டி பெரிது. முழுதாக வெளியே எடுக்க முடியாது. மக்டவல் முதலில் அதன் காம்பை நூலால் இறுகக் கட்டினார். ரத்தம் பீறிடாமல் இருக்க அதுதான் வழி. பிறகு கட்டியைக் கீறி, உள்ளிருந்த கூழ் போன்ற பொருளை வெளியேற்றினார். அது மட்டும் 15 ராத்தல். அதன் பிறகு காம்பை அறுத்துப் பையை எடுத்தார். அது 7½ ராத்தல். மொத்தம் 22½ ராத்தல். இன்றைய கணக்கில் 10 கிலோவுக்குச் சற்று மேல். பிறந்த குழந்தைகள் மூன்றைச் சேர்த்துத் தூக்கினால் எவ்வளவு கனமோ, அவ்வளவு கனத்தை அந்த அம்மாள் வயிற்றில் சுமந்து குதிரையில் வந்திருக்கிறார்.

குடலை உள்ளே வைப்பதற்குமுன் டாக்டர் ஒரு காரியம் செய்தார். ஜேன் அம்மாளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, வயிற்றுக்குள் தேங்கிய ரத்தத்தை வடியவிட்டார். பிறகு தையல் போட்டார். காம்பைக் கட்டிய நூலின் முனையைக் காயத்தின் கீழ்ப் பக்கமாக வெளியே விட்டார்.

எல்லாம் முடிய 25 நிமிஷம் ஆயிற்று.

ஊரில் இன்னொரு கதையும் உண்டு. ஒரு பெண்ணை டாக்டர் அறுக்கிறார் என்று கேள்விப்பட்டு ஜனங்கள் வீட்டு வாசலில் கூடினார்கள். அந்த அம்மாள் செத்தால் டாக்டரைத் தூக்கிலிட மரத்தில் கயிற்றையும் மாட்டி வைத்தார்கள் என்று அந்தக் கதை சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்டவல் எழுதியதில் இது இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்த சரக்காக இருக்கவே இடமுண்டு. கயிறு இல்லாமலே அன்றைய காட்சி போதுமான அளவு பயங்கரம்தான்.

ஐந்தாம் நாள்

ஐந்து நாள் கழித்து டாக்டர் நோயாளியைப் பார்க்கப் போனார். ஜேன் அம்மாள் படுக்கையில் இல்லை. எழுந்து நின்று, தன் படுக்கையைத் தானே விரித்துச் சரி செய்து கொண்டிருந்தார்! டாக்டர் அவரைக் கண்டித்து, இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரித்தார்.

வேலை செய்தே பழகிய கை. சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை.

25 நாட்களில் அவர் ஊர் திரும்பினார்.

எப்படிப் பிழைத்தார்? நோய்க்கிருமியைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. காயத்தில் கிருமி சேராமல் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-ல்தான். ஆனால் மக்டவல் சுத்தத்தில் கண்டிப்பானவர் என்று பெயர். ஆபரேஷன் நடந்தது பல நோயாளிகள் நெருக்கிப் படுத்திருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல, ஒரு வீட்டில். பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் ஒருவர் புண்ணிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றிய விஷம் அங்கே வர வழியில்லை. இன்னொன்றும் உண்டு. டாக்டர் எழுதி வைத்த விவரத்தைப் படித்த பிற்கால மருத்துவர்கள், அது புற்று அல்லாத, கூழ் நிறைந்த கட்டியாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். புற்றாக இருந்திருந்தால் கத்தி மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காது.

நம்பாத உலகம்

மக்டவல் ஏழு ஆண்டுகளுக்கு இதைப் பற்றி ஒரு வரிகூட வெளியிடவில்லை. அதற்குள் இதே ஆபரேஷனை இன்னும் இரண்டு பேருக்குச் செய்தார். மூன்றையும் சேர்த்து 1817-ல் பிலடெல்பியாவில் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

இந்த இரண்டு பேரும் கறுப்பினப் பெண்கள். கெண்டக்கியில் அன்று அடிமை முறை இருந்தது. ஜேன் அம்மாளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்டதை விவரமாக எழுதிய மக்டவல், அந்தப் பெண்களின் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. அவர்களும் மயக்க மருந்து இல்லாமல்தான் அதே கத்தியைத் தாங்கினார்கள். அவர்களுக்குச் சிலையும் இல்லை, கதையும் இல்லை.

கட்டுரையின் ஒரு பிரதியை அவர் பிலடெல்பியாவின் மிகப் பெரிய ரண வைத்தியரான பிசிக் என்பவருக்கு அனுப்பியிருந்தார். அவர் அதைக் கண்டு கொள்ளவில்லை. இன்னொரு பிரதி தன் பழைய குரு ஜான் பெல்லுக்குப் போயிற்று. குரு அப்போது உடல் நலம் கெட்டு இத்தாலியில் இருந்தார். படிக்காமலே 1820-ல் இறந்துவிட்டார். அந்தப் பிரதி எடின்பரோவில் லைசார்ஸ் என்ற டாக்டரின் கையில் சிக்கி, 1824-ல்தான் அச்சேறியது.

லண்டனில் ஜேம்ஸ் ஜான்சன் என்ற மருத்துவப் பத்திரிகை ஆசிரியர் பரிகாசம் செய்தார். அமெரிக்கக் காட்டில் இருக்கும் ஒரு டாக்டர், ஐரோப்பாவின் மேதைகள் செய்யத் துணியாததைச் செய்தாராம், அதை நாம் நம்ப வேண்டுமாம் என்கிற தோரணையில் எழுதினார். பிற்பாடு மேலும் சில பெண்கள் பிழைத்த செய்தி வந்ததும், தான் சந்தேகப்பட்டது தவறு என்று ஒப்புக் கொண்டு, அதே பத்திரிகையில் மன்னிப்பும் கேட்டார். பத்திரிகை ஆசிரியர்கள் இப்படிச் செய்வது அபூர்வம்!

1825-ல் மேரிலாந்து சர்வகலாசாலை மக்டவலுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. எடின்பரோவில் வாங்காமல் வந்த பட்டம் 30 ஆண்டு கழித்து வீடு தேடி வந்தது. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜேம்ஸ் போல்க், பையனாக இருந்தபோது, 1812-ல், மூத்திரப்பைக் கல்லை எடுத்துக் கொண்டதும் இந்த டாக்டரிடம்தான்.

1830-ம் ஆண்டு ஜூன் மாதம் மக்டவல் திடீரென்று வயிற்று வலியால் படுத்தார். சில நாட்களில் இறந்து போனார். குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறார்கள். பிறர் வயிற்றைத் திறந்து உயிர் கொடுத்தவருக்கு, அவர் வயிற்றைத் திறந்து பார்க்க அன்று ஒருவரும் இல்லை. 1879-ல் டான்வில் ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1929-ல் வாஷிங்டன் பாராளுமன்றக் கட்டடத்தில் கெண்டக்கி மாநிலத்தின் சார்பில் அவருடைய சிலையை வைத்தார்கள்.

32 ஆண்டுகள்

ஜேன் அம்மாள் என்ன ஆனார்?

பண்ணைக்குத் திரும்பி, பழைய வேலைகளைப் பழையபடி செய்தார். பிற்பாடு குடும்பம் இந்தியானா மாநிலத்துக்குப் போயிற்று. கணவர் காலமான பிறகு, மதகுருவாக இருந்த மகனின் வீட்டில் கடைசி நாட்களைக் கழித்தார். இந்தியானாவில் கிரேஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே அவருடைய கல்லறை இருக்கிறது.

அவர் இறந்தது 1842-ல். வயது 78. ஆபரேஷனுக்குப் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரை அறுத்த டாக்டர் போய்ச் சேர்ந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1842-ம் ஆண்டில், ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு கிராமத்து டாக்டர் ஓர் இளைஞனை ஈதர் என்ற திரவத்தின் ஆவியை முகரச் செய்து மயக்கி, அவன் கழுத்திலிருந்த கட்டியை எடுத்தார். இளைஞனுக்கு வலி தெரியவில்லை. அந்த டாக்டரின் பெயரும் கிராஃபோர்டுதான். கிராஃபோர்டு லாங்.